கவுட்டும் சாப்பாடும்: எவ்வளவு சம்பந்தம்?

யூரிக் அமிலம் கூடியிருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டால் போதும், ஆளாளுக்கு ஒரு பட்டியல் தர ஆரம்பித்துவிடுவார்கள். ஒருவர் பருப்பை நிறுத்தச் சொல்வார். இன்னொருவர் கீரையும் காளானும் ஆகாது என்பார். மூன்றாமவர் முட்டை, பால் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்வார். சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இந்தப் பட்டியல்களில் இருக்கும் பலவற்றுக்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இருக்கும் சில விஷயங்களோ பட்டியலிலேயே இருப்பதில்லை.

இதனால் வரும் பெரிய கேடு வேறு. யூரிக் அமிலம் கூடுவதால் வரும் கவுட் என்ற மூட்டு நோயில் கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும்போதெல்லாம் அந்த மனிதர் "நேற்று என்ன சாப்பிட்டேன்?" என்று தேடித் தேடித் தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்கிறார். வீட்டில் இருப்பவர்களும் "வாயைக் கட்டினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். கவுட்டில் சாப்பாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் நிறைய குழப்பம்.

பாகு ஆறும்போது நடப்பது

சூடான தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் ஏராளமாகக் கரையும். அதே பாகு ஆறும்போது அவ்வளவு சர்க்கரையைத் தாங்க முடியாமல், பாத்திரத்தின் ஓரத்தில் குருணை குருணையாகப் படிய ஆரம்பிக்கும். ஒரு குருணை உருவாகிவிட்டால் அடுத்தடுத்தவை அதன்மேலேயே ஒட்டும். படிந்ததைத் திரும்பக் கரைக்க வேண்டுமானால் பாகை நீர்க்க வைத்து, அப்படியே நெடுநேரம் விட வேண்டும். ஒரு கரண்டி தண்ணீர் விட்டுவிட்டு உடனே எட்டிப் பார்த்தால் குருணை அப்படியேதான் இருக்கும்.

நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் இருப்பதும் இப்படித்தான். அது உடம்பில் உருவாகும் ஒரு கழிவுப்பொருள். எல்லோருடைய ரத்தத்திலும் கரைந்த நிலையில் கொஞ்சம் இருக்கும். 37 டிகிரி உடல் வெப்பத்தில், ஒரு டெசிலிட்டர் (100 மில்லிலிட்டர்) ரத்தத்தில் ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் வரைதான் அது கரைந்து நிற்கும். அதற்குமேல் போய் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அங்கேயே நின்றால், மூட்டுகளுக்குள் மெல்லிய ஊசி போன்ற படிகங்களாகப் படியத் தொடங்கும். இந்தப் படிகங்களால் வரும் மூட்டு அழற்சிக்குத்தான் கவுட் என்று பெயர்.

பெருவிரலின் அடிமூட்டு இதயத்திலிருந்து தூரத்தில் இருப்பதால் உடம்பின் நடுப்பகுதியைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது. நடக்கும்போது அடிபடுவதும் அதுதான். முதல் வலித் தாக்குதல் பெரும்பாலும் அங்கே வருவதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

படிகம் படிந்த அன்றே வலி வந்துவிடாது. அது பல காலம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். ஒருநாள் படிகங்கள் கொஞ்சம் உதிரும்போது நோய் எதிர்ப்பு செல்கள் அவற்றை எதிரியாகப் பார்த்துத் தாக்குகின்றன. அப்போதுதான் மூட்டு சிவந்து, சுட்டு, போர்வையின் நுனி பட்டால்கூடத் தாங்க முடியாத வலி வருகிறது. பலருக்கு இது நள்ளிரவிலோ விடியற்காலையிலோ தொடங்கி, ஒரு நாளைக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரங்களில் தானாகவே அடங்கும்.

வலிக்கும் மூட்டிலிருந்து ஊசியால் கொஞ்சம் திரவத்தை எடுத்து, அதில் இந்தப் படிகங்கள் இருப்பதை முனைவாக்கிய ஒளி நுண்ணோக்கியில் காட்டியவர்கள் டேனியல் மெக்கார்ட்டி, ஜோசப் ஹாலந்தர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள். ஆண்டு 1961. இன்றும் நோயை உறுதி செய்யச் சிறந்த வழி அதுதான். நுண்ணோக்கியில் ஒரு திசையில் கிடக்கும் ஊசிகள் மஞ்சளாகவும், அதற்குக் குறுக்கே கிடப்பவை நீலமாகவும் தெரியும். சில ஊசிகள் வெள்ளணுவையே குத்திக்கொண்டு இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள், இந்த வலியை "வெறும் கால்வலி" என்று சொல்லமாட்டார்கள்.

இதுவரை பார்த்தது: கவுட் என்பது படிகங்களின் நோய். வலி வந்து போகும், படிகம் போகாது. யூரிக் அமிலம் நெடுநாள் 6.8-க்கு மேல் இருப்பதுதான் படிகம் சேரக் காரணம். அப்படிக் கூடுதலாக இருக்கும் பலருக்குக் கவுட் வராமலேயே போவதும் உண்டு.

யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

இங்கே ஒரே ஒரு கலைச்சொல் தேவைப்படுகிறது: பியூரின். நம் செல்களின் மரபுப்பொருளிலும், செல்கள் சக்தியைச் சேமிக்கும் ஏடிபி என்ற மூலக்கூறிலும் இருக்கும் ஒரு வேதிப்பொருள் அது. செல் உள்ள எந்த உயிரிலும் பியூரின் இருக்கும். அதனால் நாம் சாப்பிடும் பெரும்பாலான உணவுகளிலும் கூடவோ குறையவோ இருக்கும். பியூரின் சிதையும்போது கடைசியில் மிஞ்சுவது யூரிக் அமிலம்.

பலரும் அறியாத விஷயம் இது. உடம்பில் உருவாகும் யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நம் சொந்த உடம்பிலிருந்தே வருகிறது. தினமும் கோடிக்கணக்கான செல்கள் மடிந்து புதியவை உருவாகின்றன. அந்தப் பழைய செல்களின் பியூரின்தான் அது. சாப்பாட்டிலிருந்து வருவது சுமார் மூன்றில் ஒரு பங்கு. வாழ்நாளில் இறைச்சியே தொடாதவருக்கும் கவுட் வரலாம் என்பதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான பாலூட்டிகளுக்கு யூரிகேஸ் என்ற நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை எளிதில் கரைந்து வெளியேறும் வேறொரு பொருளாக மாற்றிவிடும். மனிதர்களும் நெருங்கிய குரங்கினங்களும் பரிணாமப் பாதையில் அந்த நொதியை இழந்துவிட்டார்கள். ஆகவே நமக்கு இருக்கும் ஒரே வழி, உருவான யூரிக் அமிலத்தை அப்படியே வெளியே தள்ளுவதுதான். அந்த வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகம் செய்கிறது. மீதியைக் குடல் பார்த்துக்கொள்கிறது.

சிறுநீரகம் யூரிக் அமிலத்தை முதலில் வடிகட்டுகிறது. அப்புறம் வடிகட்டியதில் ஏறக்குறைய 90 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்துக்கே இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை நம் மரபணுக்கள். கவுட் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிக்கல் இந்த இடத்தில்தான். அவர்கள் உடம்பு யூரிக் அமிலத்தை அளவுக்கு மீறித் தயாரிப்பதில்லை, வெளியேற்றுவதுதான் போதவில்லை. சிறுநீரக நோய், உடல் பருமன், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் சில சிறுநீர்ப் பெருக்கி மாத்திரைகள், தினமும் எடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆகியவையும் இந்த வெளியேற்றத்தைக் குறைக்கும். பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் இதில் ஒரு பாதுகாப்பு. மாதவிடாய் நின்றபின் அவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது.

2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்காவில் வாழும் ஐரோப்பிய வம்சாவளியினரின் உணவையும் மரபணுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஆளுக்கு ஆள் யூரிக் அமில அளவு மாறுவதில் எந்த ஓர் உணவும் 1 சதவீத வித்தியாசத்தைக்கூட விளக்கவில்லை. பொதுவாகக் காணப்படும் மரபணு மாற்றங்களோ கிட்டத்தட்ட 24 சதவீதத்தை விளக்கின. தன் நாக்கைத் தானே திட்டிக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு எண்களையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

பத்தியத்தால் எவ்வளவு இறங்கும்?

பியூரின் குறைந்த உணவைக் கடுமையாகக் கடைப்பிடித்தால் ரத்தத்தில் யூரிக் அமிலம் பொதுவாக 1 மில்லிகிராம் அளவுக்குத்தான் இறங்கும். 8.4 இருப்பவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டால் 7.4 ஆகலாம். கரையும் எல்லையான 6.8-க்குக் கீழே அது இன்னும் வரவில்லை. வெறும் வயிறும் மனக்கஷ்டமும் மிஞ்ச, படிகம் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

என் சித்தப்பா ஒருவர் இதே நிலையில் இருந்தார். பருப்பு, பயறு, கீரை, காளான், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். அவற்றுக்குப் பதிலாகத் தினமும் இரண்டு பெரிய தம்ளர் சர்க்கரை போட்ட பழச்சாறு. "பழம்தானே, நல்லதுதானே" என்பார். மாத்திரையை வலி வந்தால் மட்டும் போடுவார், வலி போனதும் நிறுத்திவிடுவார். அவ்வளவு கட்டுப்பாடு உள்ள மனிதருக்கு வருடத்தில் பல தடவை கால் வீங்கியது. அவரிடம் மனவுறுதி குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. அத்தனை உழைப்பும் தவறான இடத்தில் போனது, அவ்வளவுதான். கவுட் உள்ளவர்கள் பலரிடமும் இதே படம்தான்: எதைத் தொடக் கூடாது என்று கேட்டால் நீளமான பதில் வரும், "உங்கள் யூரிக் அமிலம் எந்த எண்ணுக்குக் கீழே இருக்க வேண்டும்?" என்று கேட்டால் பதில் வராது.

சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதை ஒளிக்காமல் சொல்கிறது: எந்த ஒரு குறிப்பிட்ட உணவுமுறையும் தாக்குதலைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை, ஆரோக்கியமான, சமச்சீரான உணவைச் சாப்பிடுங்கள்.

அப்படியானால் சாப்பாடு எதையும் செய்யாதா?

செய்யும். நோயை உண்டாக்குவது வேறு, ஏற்கெனவே படிகம் சேர்ந்திருக்கும் மூட்டில் ஒரு தாக்குதலைக் கிளப்பிவிடுவது வேறு. சாப்பாடு பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையைத்தான் செய்கிறது.

2012-ல் அமெரிக்காவில், கவுட் உள்ளவர்கள் தாக்குதல் வந்த நாட்களுக்கு முந்தைய இரண்டு நாள் உணவையும், வராத நாட்களின் உணவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாளில் மிக அதிகமாகப் பியூரின் சாப்பிட்டபோது தாக்குதல் வரும் வாய்ப்பு, மிகக் குறைவாகச் சாப்பிட்டபோது இருந்ததைப்போல் கிட்டத்தட்ட 5 மடங்காக இருந்தது. விலங்குணவிலிருந்து வந்த பியூரினை மட்டும் பார்த்தால் சுமார் 2.4 மடங்கு, தாவர உணவிலிருந்து வந்தது சுமார் 1.4 மடங்கு. ஆக, ஒரு விருந்தில் அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு இரவில் வலியோடு எழுபவர் கற்பனை செய்யவில்லை. ஆனால் அந்த விருந்து தீக்குச்சி மட்டும். எரியும் பொருள் பல வருடங்களாகச் சேர்ந்தது.

சுருக்கமாக: பத்தியம் தாக்குதல்களின் எண்ணிக்கையைக் குறைக்க உதவலாம். படிகத்தைக் கரைக்கும் அளவுக்கு யூரிக் அமிலத்தை இறக்குவது பெரும்பாலோருக்குப் பத்தியத்தால் மட்டும் முடியாது.

வீணாகப் பழி சுமந்தவை

பருப்பு, பயறு, கீரை, காளான் போன்றவற்றில் ஓரளவு பியூரின் உண்டு என்பது உண்மை. அதைப் பார்த்துத்தான் பழைய பட்டியல்கள் எல்லாம் இவற்றைத் தடை செய்தன. அப்புறம் 2004-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வின் முடிவு வந்தது. 47,150 ஆண்களை 12 வருடம் பின்தொடர்ந்த அந்த ஆய்வில், இறைச்சியும் மீன் உள்ளிட்ட கடல் உணவும் அதிகம் சாப்பிட்டவர்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. பியூரின் நிறைந்த காய்கறிகளைச் சாப்பிட்டவர்களுக்கு அப்படிக் கூடவில்லை. மொத்தப் புரதத்தின் அளவுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. பால் பொருட்களை, குறிப்பாகக் கொழுப்பு குறைந்தவற்றை, அதிகம் எடுத்தவர்களுக்கு ஆபத்து குறைவாகவே இருந்தது.

எனவே பருப்பையும் கீரையையும் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. முட்டையிலும் பாலிலும் பியூரின் மிகக் குறைவு. இறைச்சியைக் குறைப்பவருக்குப் புரதம் வேறு எங்கிருந்து கிடைக்கும் என்று யோசித்தால், இந்த உணவுகளின் அருமை புரியும். எல்லாவற்றையும் விட்டவர்கள் கடைசியில் வெறும் மாவுச்சத்தில் போய் நிற்கிறார்கள், எடை கூடுகிறது, கவுட்டோடு அடிக்கடி சேர்ந்தே வரும் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் இன்னும் மோசமாகின்றன.

உண்மையிலேயே அளவு பார்க்க வேண்டியவை ஈரல், சிறுநீரகம், மூளை போன்ற உள்ளுறுப்புகள், மத்தி, நெத்திலி, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள், சிப்பி வகைகள், பெரிய அளவில் சாப்பிடும் எந்த இறைச்சியும். இறைச்சியை வேகவைக்கும்போது பியூரினில் ஒரு பகுதி தண்ணீரில் இறங்கிவிடும். கறியைக் குறைத்துக்கொண்டு, அது வெந்த சாற்றைத் தாராளமாகக் குடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பட்டியலில் காணாமல் போனவை

முதலிடம் சர்க்கரைப் பானங்களுக்கு. அவற்றில் பியூரின் துளியும் இல்லாததால் எந்தப் பட்டியலிலும் சிக்குவதில்லை. சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ். இந்தப் பழச்சர்க்கரை ஈரலுக்குள் மொத்தமாகப் போய்ச் சேரும்போது, ஈரல் அதைக் கையாள ஏடிபியை வேகமாகச் செலவழிக்கிறது. செலவான ஏடிபியின் மிச்சம் பியூரின் என்பதால், அது சிதைந்து யூரிக் அமிலமாகிறது. 2008-ல் வந்த ஆய்வில் இனிப்பூட்டிய குளிர்பானங்களை அதிகம் குடித்த ஆண்களுக்குக் கவுட் கூடுதலாக வந்தது. சர்க்கரையில்லாத டயட் வகைகளில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. பழத்தைக் கடித்துச் சாப்பிடுவதற்குப் பயப்பட வேண்டாம். நாலைந்து பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிப்பதுதான் வேறு கதை.

மது அடுத்தது. அது யூரிக் அமில உற்பத்தியைக் கூட்டி, வெளியேற்றத்தையும் தடுக்கிறது. பீரில் போதாக்குறைக்குப் பியூரினும் உண்டு; ஆய்வுகளில் பீருக்குத்தான் மிக வலுவான தொடர்பு, அதற்கடுத்து சாராய வகைகள். ஒயினை மிதமாகக் குடித்தவர்களுக்குப் புதிதாக நோய் வருவது கூடவில்லை என்றாலும், ஏற்கெனவே கவுட் உள்ளவர்களுக்கு எந்த மதுவும் தாக்குதலைக் கிளப்பலாம்.

மூன்றாவதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: பட்டினி. நீண்ட நேரம் சாப்பிடாமல் இருந்தாலோ, மாவுச்சத்தை அடியோடு விட்டு வேகமாக எடை குறைத்தாலோ, உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் கீட்டோன்கள் ரத்தத்தில் கூடும். அவை சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறுவதைத் தடுக்கும். எடை குறைய வேண்டியதுதான், அது கவுட்டுக்கு நல்லதும்கூட. ஆனால் மெல்லக் குறைய வேண்டும். தண்ணீர் போதாமல் உடல் வறண்டாலும் தாக்குதல் வரலாம்.

காபி குடிப்பவர்களுக்கு ஆபத்து சற்றுக் குறைவு என்றும், செர்ரி சாப்பிட்டவர்களுக்குத் தாக்குதல் குறைந்தது என்றும் ஆய்வுகள் உண்டு. அதற்காக அவற்றை மருந்தாக நினைக்க வேண்டாம். எலுமிச்சைச் சாறோ வினிகரோ மூட்டில் உள்ள படிகத்தைக் கரைத்துவிடும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை.

6 என்ற எண்

படிகம் கரைய வேண்டுமானால் யூரிக் அமிலத்தை 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவந்து, அங்கேயே வைத்திருக்க வேண்டும். தோலுக்கடியில் கட்டிகளாகப் படிகம் சேர்ந்துவிட்டவர்களுக்கு 5-க்குக் கீழே என்பது பல மருத்துவர்கள் வைக்கும் இலக்கு. நீர்த்த பாகில் குருணை கரைவதுபோல் இதுவும் மெதுவாகத்தான் நடக்கும். மாதங்கள், சிலருக்கு வருடங்கள்கூட.

இதற்கு அதிகம் பயன்படும் மாத்திரை அல்லோபியூரினால். 1960-களில் இருந்து புழக்கத்தில் இருக்கிறது. யூரிக் அமிலம் உருவாவதையே குறைக்கிறது. இதை உருவாக்கிய ஆய்வுக்குழுவின் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். வருடத்தில் இரண்டு தாக்குதலோ அதற்கு மேலோ வந்தவர்கள், கட்டிகள் உள்ளவர்கள், மூட்டு சேதமானவர்கள் ஆகியோருக்கு இந்த வகைச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. வலியே இல்லாமல் எண் மட்டும் கூடியிருக்கும் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது.

இங்கேதான் மிகப் பெரிய தவறான புரிதல் நடக்கிறது. மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களில் தாக்குதல் கூடலாம். படிகங்கள் கரைந்து அசைந்து கொடுப்பதால் வருவது அது. மருந்து வேலை செய்கிறது என்பதன் அடையாளம். தெரியாதவர்கள் "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிட்டு மறுபடி பத்தியத்துக்குத் திரும்புகிறார்கள். இதைத் தவிர்க்கத்தான் மருத்துவர் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறார். கூடவே மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு கோல்ச்சிசின் போன்ற ஒரு தடுப்பு மருந்தும் தருகிறார். தாக்குதல் வந்தாலும் அல்லோபியூரினாலை நிறுத்தக் கூடாது. தோலில் தடிப்போ புண்ணோ வந்தால் மட்டும் கதை வேறு: உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரிதாக அது ஆபத்தான ஒவ்வாமையாக மாறும்.

வலி மாத்திரை வலியைத்தான் தணிக்கும். யூரிக் அமிலத்தை இறக்காது. இன்னொன்று: தாக்குதல் நடக்கும்போது எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் அளவு சாதாரணமாகவே காட்டலாம். அதைப் பார்த்துக் கவுட் இல்லை என்று முடிவு செய்துவிடாமல், வலி அடங்கி இரண்டு வாரங்களுக்குப் பிறகாவது மறுபடி பார்க்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது

ஒரு சிறிய நோட்டு போதும். தாக்குதல் வந்த தேதியை எழுதி, அதற்கு முந்தைய இரண்டு நாளில் என்ன சாப்பிட்டீர்கள், என்ன குடித்தீர்கள், தண்ணீர் குறைந்ததா, பட்டினி கிடந்தீர்களா, காலில் அடிபட்டதா, புதிதாக ஏதாவது மாத்திரை தொடங்கினீர்களா என்று குறித்துவையுங்கள். நாலைந்து தாக்குதல் பதிவானதும் உங்களுக்கே உரிய தூண்டுதல்கள் தெரியவரும். ஒரே ஒரு தடவை தக்காளி சாப்பிட்ட மறுநாள் வலித்தது என்பதற்காக அதை வாழ்நாள் முழுதும் விட வேண்டாம். மூன்று தடவை அதே உணவு வந்து நின்றால் அப்போது யோசிக்கலாம். அதே நோட்டில் ஒவ்வொரு முறை பார்த்த யூரிக் அமில அளவையும் எழுதி, மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோங்கள். சிறுநீர்ப் பெருக்கி மாத்திரையோ ஆஸ்பிரினோ எடுப்பவர்கள் அதையும் சொல்லிக் கேட்க வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

கவுட் பழகிப்போனவர்களிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மூட்டு வீங்கிச் சிவப்பதோடு காய்ச்சலும் குளிர் நடுக்கமும் சேர்ந்தால், "எப்போதும் வருவதுதான்" என்று வீட்டில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் கிருமித் தொற்று வந்தாலும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். சில நாட்களிலேயே மூட்டைக் கெடுத்துவிடும் நிலை அது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய், மூட்டுத் திரவத்தை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.